வியாழக்கிழமை நோட்டில் இரண்டாம் நம்பர்

மில்லர்புரம், தூத்துக்குடி
9.12.2025

அன்பு மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பதைத் தினமும் எட்டு மணிக்கு நாடே பார்க்கிறது, ஆகவே அதை நான் விசாரிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பெற்றவள் விசாரிக்கிறேன், டெல்லியில் புகை மண்டிக் கிடக்கிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறான், தொண்டை எப்படி இருக்கிறது, வெந்நீர் குடிக்கிறாயா? போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், உன் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்தவர்களை மறிப்பது போல என்னையும் மறித்துவிடுகிறாய். கடிதத்தில் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே வர முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. என் போன் இப்போது என்னிடம் இல்லை. அது எங்கே போயிற்று என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அப்பாவுக்கு பிரஷர் ஏறி இறங்குகிறது, டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். உப்பைக் குறைக்கச் சொன்னதற்கு, தூத்துக்குடிக்காரனிடம் வந்து உப்பைக் குறை என்கிறீர்களே என்று அவரையே கேலி செய்துவிட்டு வந்திருக்கிறார் உன் அப்பா. மழை இந்த வருஷம் பரவாயில்லை, ஆனாலும் மேகம் கறுத்தாலே ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிடுகிறார், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளம் அவர் மனசை விட்டு இன்னும் வடியவில்லை. உன் தம்பி பெவின் மஸ்கட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறான், உன் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுக்கு லைன் சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் சபையில் கேரல் பாடப் போகிற வீடுகளின் பட்டியலை வாசித்தார்கள். வருஷா வருஷம் முதல் வீடு நம் வீடுதான், இங்கே கேக்கும் காப்பியும் சாப்பிட்டுத்தான் மற்ற தெருவுக்குக் கிளம்புவார்கள். இந்த வருஷம் நாம் இருபத்திரண்டாவது. யாரும் காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நீ டிவிக்குப் போன கதையை உனக்கே நான் சொல்லப் போவதில்லை, ஆனால் அதை நான் எவ்வளவு பத்திரமாக மனசில் வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது. லோக்கல் கேபிளில் சேர்ந்த புதிதில், தண்ணீர் லாரி வராத தெருவெல்லாம் அப்பாவின் ஸ்கூட்டரில் மைக்கோடு அலைந்தாய், நீ காட்டிய மறுநாள் லாரி வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் என்னை நிறுத்தி, உங்க பிள்ளையால வந்த தண்ணி டீச்சர் என்று சொன்னதற்கு நான் வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு சென்னை, பிறகு டெல்லி, இங்கிலீஷ் சேனல், விருது, எல்லாவற்றுக்கும் சபையில் ஸ்தோத்திரம் சொன்னோம். வெள்ளத்தின்போது டெல்லியிலிருந்து வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசினாய். இரண்டு தெரு தள்ளி மொட்டை மாடியில் நாங்கள் பிஸ்கட்டைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தோம், நீ எட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டாய். அப்போதுகூட அவள் வேலை அப்படி என்று பெவினிடம் உனக்காகச் சண்டை போட்டவள் நான்.

போன வருஷம் அந்த சொரிமுத்து விஷயம் வந்தது. ஆதிச்சநல்லூர்ப் பக்கத்து விவசாயி, அவர் வயலில் முதுமக்கள் தாழி இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்றதும் உன் ஆட்கள் போய் அவரிடம் கேட்டார்கள். தாராளமாகத் தோண்டட்டும், நெல்லை அறுத்த பிறகு தோண்டட்டும் என்று அவர் சொன்னதை முன்னும் பின்னும் வெட்டி, தோண்டவே விடமாட்டேன் என்று அவர் மறித்த மாதிரிக் காட்டினீர்கள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அவரைத் தமிழனுக்கே துரோகி என்று திட்டினார்கள். அந்த மனிதர் கோபப்படாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்தார். "டீச்சரம்மா, நான் பேசினதுல பாதியத்தான் காட்டிருக்காவ, மீதியையும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். நான் உன்னிடம் கேட்டதற்கு, எடிட்டிங்கில் இருந்தவர்களின் தவறு, பழைய கதை, விடுங்கள் என்றாய். விட்டுவிட்டேன். அவர் இரண்டாம் தடவை வந்தபோது நீ சொன்னதை அப்படியே ஒப்பித்து அனுப்பினேன். உன்னை நம்புவது தாயின் குணம் என்று அன்றைக்கு நினைத்தேன். அது வெறும் சோம்பேறித்தனம், யோசித்தால் வேதனை வருமே என்று யோசிக்காமல் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் கூடுகிற பெண்கள் ஜெபக்கூட்டம் உனக்குத் தெரியும், என் மடியில் தலையை வைத்து நீயே எத்தனையோ வியாழன் அங்கே தூங்கியிருக்கிறாய். ஒவ்வொருத்தியும் தன் பாரத்தைச் சொல்லுவாள், நான் நோட்டில் நம்பர் போட்டு எழுதுவேன், அந்த வாரம் முழுக்க எல்லாரும் அவரவர் வீட்டில் அதற்காக ஜெபிப்போம். அங்கே சொன்னது அந்த அறையைத் தாண்டாது. புருஷன் கை நீட்டியது, மகன் குடித்தது, மருமகள் விஷத்தைக் கையில் எடுத்தது என்று இந்தத் தெருவின் கண்ணீர் பூராவும் அந்த நோட்டுகளில் இருக்கிறது, ஒரு சொல் வெளியே போனதாக யாரும் சொன்னதில்லை. நான் ஒரே ஒரு விலக்கு வைத்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன் நீ டெல்லிக்குப் போனாய், அங்கே உனக்கு ஒரு சபை அமையவில்லை, ஜெபிக்கிற பழக்கமும் விட்டுப்போகுமே என்று பயந்து, வியாழன்தோறும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய எந்தத் தாயும் நம்மவர்களில் இதைச் செய்வாள், சொந்த மகளுக்கு அனுப்புவது வெளியே சொன்னதாக ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். நீயும் கும்பிடுகிற கைப் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவாய். ஆறு வருஷமாக அந்தக் கையைப் பார்த்து என் மகள் முழங்காலில் நிற்கிறாள் என்று நம்பினேன்.

அக்டோபர் இருபத்துமூன்றாம் தேதி வியாழன், இரண்டாவது விண்ணப்பம் ஜீவமணியுடையது. அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் என் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள், நீ ஐந்தாம் நாள் வந்து ஆறாம் நாள் போனாய். அவளுக்கு இருப்பது அனிஷ் ஒருவன்தான், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சரக்குப் பேப்பர் தயாரிக்கிற வேலை, இருபத்தாறு வயசு. கருவாடு என்று எழுதிக் கொடுக்கச் சொன்ன பெட்டிகளில் தடை செய்த கடல் அட்டை போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பேப்பர் எல்லாம் அவன் பேரில் ஏறுகிறது, முதலாளியிடம் கேட்டால் மிரட்டல், திங்கட்கிழமை நேராகக் கஸ்டம்ஸில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். அவன் பயப்படாமல் உண்மையைச் சொல்ல தைரியம் கிடைக்க ஜெபியுங்கள் என்றாள் ஜீவமணி. நான் அப்படியே எழுதினேன், திங்கள் என்பதற்கு அடியில் கோடும் போட்டேன், அந்தப் பக்கத்தை உனக்கு அனுப்பினேன்.

மறுநாள் நீயே கூப்பிட்டாய். மாதக்கணக்கில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசாதவள் முக்கால் மணி நேரம் பேசினாய், சாப்பிட்டீர்களா, அப்பாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா என்றெல்லாம் கேட்டாய். நடுவில் அனிஷ் எந்தக் கம்பெனி, சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டாய். இவ்வளவு அக்கறையாக ஜெபிக்கிறாளே என்று நான் உருகிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ஏளா, பன்னிரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து அதற்குப் பிறகு ஹெட்மிஸ்ட்ரஸாகவும் இருந்தவள், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே காப்பி அடித்ததைக் கண்டுபிடித்தவள். போனை வைத்த பிறகு ஒரு மெசேஜ் அனுப்பினாய், முகம் தெரிந்தால் ஜெபிக்க நன்றாக இருக்கும், அவன் போட்டோ ஒன்று அனுப்புங்கள் என்று. போன கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு வாசலில் கேரல் பாடினபோது எடுத்தது இருந்தது, சிவப்புக் குல்லாயோடு தப்பட்டை அடித்துக்கொண்டு சிரிக்கிறான், அதை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அந்தக் குல்லாயை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு அவன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாய். தூத்துக்குடிக் கடத்தல் கும்பலின் உள்ளாள் இவனா என்று கேட்டாய். ஒரு மணி நேரம் நாலு பேரைச் சுற்றி உட்கார வைத்துக் கத்தவிட்டாய், அவன் மறுநாள் காலையில் உண்மையைச் சொல்லப் போகிறவன் என்று தெரிந்திருந்தும் அதை மட்டும் நீ சொல்லவில்லை. விடிவதற்குள் தமிழ் எழுத்துப் போட்டு அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், பெட்டிகளை அப்புறப்படுத்தினார்கள், எங்களுக்குத் தெரியாமல் இவன்தான் செய்தான் என்று அவர்களே புகார் கொடுத்தார்கள், கேட்டால் பேப்பரில் அவன் பேர்தானே இருக்கிறது. கஸ்டம்ஸுக்குப் போகச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்த பிள்ளையை வீட்டிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றோடு ஆறு வாரம், பேரூரணி ஜெயிலில் இருக்கிறான். ஒரு தடவை ஜாமீன் கேட்டு இல்லை என்றாகிவிட்டது, பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் வியாழக்கிழமை வழக்கம் போல நாற்காலிகளைப் போட்டு, காப்பிக்குப் பாலையும் காய்ச்சி வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. ஐந்தரை, ஆறு, ஆறரை, பால் ஏடு கட்டி ஆறிப் போயிற்று. கடைசியில் ஜீவமணி வந்தாள், செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அக்கா, நான் ஜெபிக்கத்தானே சொன்னேன்" என்றாள். அப்படியே திரும்பிப் படி இறங்கிப் போய்விட்டாள். என் அறுபத்துநான்கு வயசில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை. நான் உனக்கு அனுப்பினேன், நீ ஊருக்கு அனுப்பினாய், அவளைக் காட்டிக்கொடுத்ததில் முதல் கை என்னுடையது, இரண்டாவது கை உன்னுடையது. என் கையை நான் மறைக்கவில்லை. மறு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அனுமதி கேட்டு, எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நோட்டை வெளியே கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அப்பா பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஜாமீன் இல்லை என்றான பிறகு, போன வாரம் அனிஷின் வக்கீல் ஆவுடையப்பன் என்னைத் தேடி வந்தார். அவன் உண்மையைச் சொல்லத்தான் இருந்தான் என்பதற்கு, பிடிபடுவதற்கு முந்தின தேதி போட்ட எழுத்து ஏதாவது உண்டா என்று கேட்டார். இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன், நீ பதறுவாய், அம்மா உடனே கொடுங்கள் என்பாய் என்று நினைத்த பைத்தியக்காரி நான். கேள்விதானே கேட்டோம், அவன் குற்றவாளி என்று சொல்லவே இல்லையே என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருங்க, போன்ல இருக்கதையும் அழிச்சிருங்க" என்றாய். முன்கூட்டியே உனக்குத் தெரியும் என்று வெளியே வந்தால் வேலை போய்விடும், கேஸ் வரும், சொரிமுத்து கதையையும் திரும்பத் தோண்டுவார்கள் என்றாய். "அவங்க மகன் வேணுமா, உங்க மக வேணுமா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தாய். நீ செய்தியாகப் போட்டதைக்கூட ஏதோ வேகம், போட்டி, மேலே இருக்கிறவர்களின் நெருக்கடி என்று என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியும். ஒரு தாயிடம் இன்னொரு தாயின் பிள்ளையைக் கிழித்துப் போடு என்று சொன்னாய் பார், அந்தக் குரல் நான் வளர்த்த குரல் இல்லை. என் வயிறு எரிகிறது ஜெப்ஸி, உன்மேல் எரிகிறது, இதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் நோட்டைக் கையில் எடுக்கவே இல்லை. அப்பா துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவர், பேப்பர் யார் பேரில் இருக்கிறதோ அவன் தலையில்தான் விடியும் என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அந்தப் பக்கத்தில் மொத்தம் ஐந்து விண்ணப்பம். மற்றவர்களுடைய பாரத்தை இன்னொரு தடவை கேட்காமல் கொடுக்க எனக்குத் துணிவில்லை, ஆகவே ஒன்று, மூன்று, நான்கு என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அல்போன்சா, அவள் கத்தோலிக்கச் சபையை விட்டு நம் சபைக்குக் கல்யாணமாகி வந்தவள், தன் வரியை மட்டும் காகிதம் வைத்து மறைத்துக் கொடுங்கள் என்றாள், மற்றவர்கள் அப்படியே கொடுக்கச் சொன்னார்கள். கடைசியாக ஜீவமணி வீடு. உட்காரச் சொல்லவில்லை. கொடுக்கட்டுமா என்றேன், குடுங்க என்றாள். ஐந்தாம் விண்ணப்பம் என்னுடையது, அதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜெப்ஸி கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர என்று எழுதியிருக்கிறேன். நீ இரண்டாவதோடு நிறுத்திவிட்டாய் போல.

போன வெள்ளிக்கிழமை காலை நான் புடவை மாற்றிக்கொண்டு வந்தபோது அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார், கிளம்பு, நான் கொண்டு விடுதேன் என்றார். வக்கீல் ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார், அவர் அழுவது எனக்குத் தெரியக் கூடாது என்று. நோட்டைக் கொடுத்தேன். போனையும் கொடுத்தேன், நீ போட்டோ கேட்ட மெசேஜ் அதில் இருக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், எழுதிக்கொண்டார், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். சேனலில் பேசியவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு இடம் வந்தது. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம் அம்மா என்று அவராகவே சொன்னார், நல்ல மனிதர். விட வேண்டாம், மகள் என்று எழுதுங்கள் என்றேன். உன்னைப் பெற்ற அன்றைக்குக்கூட அவ்வளவு வலிக்கவில்லை.

அவங்க மகனா உங்க மகளா என்று கேட்டாயே, நான் உன்னை விட்டுவிட்டு அவனை எடுக்கவில்லை. அவன் செய்யாததற்கு உள்ளே இருக்கிறான், நீ செய்ததற்கு வெளியே இருக்கிறாய், இரண்டையும் சரி செய்ய ஒரே பக்கம்தான் இருந்தது. வேலை போனால் வா. இரண்டு பென்ஷன் வருகிற வீடு, உனக்குச் சோறு போட முடியாமல் போகாது. கோபத்தோடு வந்தாலும் வா, ஒரு மாதம் என்னோடு பேசாமல் இரு, மீன் குழம்பு வைத்தால் பேசித்தானே ஆவாய். ஆனால் சொரிமுத்துவின் மீதிப் பேச்சு உங்கள் கம்ப்யூட்டரில் எங்காவது இருந்தால் அதைத் தேடி எடுத்து வை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் நானும் அப்பாவும் அவர் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருக்கிறோம், வெறுங்கையோடு போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெவினும் நீயும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், அவனுக்கு நீயாக ஒரு தடவை போன் செய். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடு, காப்பி குடித்துவிட்டுப் போடாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் வாயையும் காக்கட்டும், நான் எத்தனை கோபத்தில் இருந்தாலும் இந்த ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வராது. கடைசியாக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். வருகிற பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணிக்கு அனிஷின் ஜாமீன் மனு மறுபடி கோர்ட்டுக்கு வருகிறது, அன்றைக்கு நோட்டையும் என் வாக்குமூலத்தையும் வாசிப்பார்கள். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்த பிறகு உனக்கு நாலைந்து நாள் இருக்கும். உன் எட்டு மணி நிகழ்ச்சியில் நீயாகவே சொல்லிவிடு மகளே, எனக்குத் தெரியும், தெரிந்தும் மறைத்தேன் என்று. பதினெட்டாம் தேதிக்கு முன்னால் சொன்னால் அது நீ சொன்ன உண்மையாக இருக்கும், பிந்தினால் உனக்கு எதிராக உன் அம்மா சொன்னதாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானதீபம் எபனேசர்